அந்தப் பெயர் தெரியாத மனிதருக்குக் கைதட்டுங்கள்



சினிமாவில் பார்த்திருப்பீர்கள். டாக்டர் கட்டை அவிழ்ப்பார். பிறவியிலேயே பார்வையில்லாத கதாநாயகி மெல்லக் கண் திறப்பாள். "அம்மா!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள். ஒருநாளும் பார்த்தறியாத முகத்தை எப்படி அடையாளம் கண்டாள்?

நிஜத்தில் நடந்ததைக் கேளுங்கள். இங்கிலாந்தில் சிட்னி பிராட்ஃபோர்டு என்று ஒரு தொழிலாளி. கைக்குழந்தையிலேயே பார்வை போய்விட்டது. 52 வயதில், 1958 டிசம்பரில் ஒரு கண்ணுக்கும் அடுத்த மாதமே மறு கண்ணுக்கும் கருவிழி மாற்றினார்கள். எதிரே டாக்டர் நிற்கிறார். இவருக்குத் தெரிந்தது வெறும் கலங்கல். அதிலிருந்து குரல் வந்ததால், இதுதான் முகம் என்று ஊகித்தார். முகத்தைக் காட்டிக்கொடுத்தது கண் அல்ல ஐயா, காது!

மாடி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். ஜன்னலைக் கையால் பிடித்துத் தொங்கினால் கால் தரையில் பட்டுவிடும் என்று நினைத்தார். தரை எங்கே? முப்பது, நாற்பது அடிக்குக் கீழே!

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், எனக்கல்ல. அந்தக் கருவிழியைக் கொடுத்துவிட்டுப் போன மனிதருக்கு! அவர் பெயர் எந்த மேடையிலும் சொல்லப்படவில்லை.

இன்னொன்று கேளுங்கள். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு லேத் மெஷின். பிராட்ஃபோர்டுக்குக் கருவிகள் என்றால் உயிர். பார்த்தார், பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையாலும் தடவினார். பின்னால் நகர்ந்து கண்ணைத் திறந்தார். லேத் தெரிந்தது! உளவியல் அறிஞர் ரிச்சர்ட் கிரிகரி உடனிருந்து எழுதி வைத்திருக்கிறார்.

பார்வை இல்லாதபோது தைரியமாகச் சாலையைக் கடந்தவர், பார்வை வந்தபின் நடுங்கினார். மனம் சோர்ந்தார். 1960-இல் இறந்தும் போனார்.

இங்கே சிலர் இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன். கண் சிகிச்சை முகாமில் நாடா வெட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். கட்டு அவிழ்த்த மறுநாள் பார்வை பெற்றவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததுண்டா? கண்ணைக் கொடுத்தால் போதுமா? பார்க்கக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டாமா? கூட நின்றால் கற்றுக்கொள்வார்கள். பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சிகிச்சை தரும் விஞ்ஞானி பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டத்தில், தொட்டு அறிந்த பொருளைக் கண்ணால் அடையாளம் காணத் திணறிய பிள்ளைகள் சில நாட்களிலேயே தேறினார்களே!

கண் கொடுத்தால் அடுத்த பிறவியில் பார்வையில்லாமல் பிறப்பாய் என்று பயமுறுத்துகிறது ஒரு கூட்டம். அந்தப் பெயர் தெரியாத மனிதர் இதைக் கேட்டுப் பயந்திருந்தால், பிராட்ஃபோர்டு அந்த லேத்தைக் கண்டிருப்பாரா?

கண் தானக் கார்டில் கையெழுத்துப் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். உயிர் பிரிந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். ஃபேனை நிறுத்தி, இமையை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். இதையெல்லாம் செய்யப்போவது நீங்களா? உங்கள் பிள்ளைகள்! இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போதே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். கண் வங்கிக்குப் போன் போட வேண்டியவர்கள் அவர்கள்தான்.