விநாடிகளைத் துரத்தும் பிள்ளைகள்



தமிழகத்தை விட்டு வெளியே வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில், பிள்ளை ஒரு போட்டிக்குச் சென்று திரும்பியதும் வாயிற்படியிலேயே கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "எத்தனையாவது வந்தாய்?" என்பதே அது. தேர்வாயினும் சரி, திருக்குறள் ஒப்பித்தலாயினும் சரி, ஓட்டப் பந்தயமாயினும் சரி, கேள்வி மாறுவதில்லை. பிழைக்க வந்த இடத்தில் முதலாவதாக நின்றால்தான் மதிப்பு என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது போலும். நாமும் இக்கேள்வியைக் கேட்டுப் பழகியவர்களே. அதைக் கேட்டு நாணும்படி நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

மாதுங்காவில் நாம் வசிக்கும் குடியிருப்புக்கு, தாராவியிலிருந்து நாள்தோறும் காலையில் மிதிவண்டியில் இட்லி கொணர்ந்து விற்பவர் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். அவருடைய மகனுக்குப் பதினேழு வயது. தந்தை இட்லிக் குண்டானுடன் புறப்படுமுன்பே மகன் எழுந்து, ஐந்து தோட்டங்கள் எனப்படும் ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றி ஓடத் தொடங்கிவிடுவான். அவனுக்குத் துணை, செம்பூரிலிருந்து வரும் மற்றொரு தமிழ்ப் பையன். நாம் நடைப்பயிற்சி என்ற பெயரில் அங்கு உலவச் செல்லும்போது இருவரும் நம்மைப் பலமுறை கடந்து செல்வதுண்டு.

தாராவிப் பையன் 1500 மீட்டர் ஓடுபவன். அவன் மனத்தில் ஓர் எண் குடிகொண்டிருந்தது. 4 நிமிடம் 15 விநாடி. அதற்குள் ஓடிவிட்டால் தம் குழுவில் சேர்த்துக்கொள்வதாகப் பயிற்சியாளர் ஒருவர் கூறியிருந்தார். இல்லையேல், பள்ளிப் படிப்பு முடிந்ததும் இரண்டாவது மிதிவண்டி ஒன்று வாங்கி, சயான் பக்கம் இட்லி விற்க மகனை அனுப்புவதென்று தந்தை தீர்மானித்திருந்தார். அதில் கொடுமை ஒன்றும் இல்லை. குடும்பத்தின் கணக்கு அது.

சென்ற நவம்பரில், நேப்பியன் சீ ரோட்டில் கடலையொட்டி அமைந்த பிரியதர்ஷினி பூங்காவில் ஒரு சிறு போட்டி நடைபெற்றது. அங்குள்ள செயற்கைத் தடம் நானூறு மீட்டர்ச் சுற்று உடையது. எட்டு மணிக்கு நடக்க வேண்டிய ஓட்டம் பதினொன்றரைக்கு நடந்தது. இடையில் விருந்தினர் வந்தனர், மாலைகள் விழுந்தன, உரைகள் நிகழ்ந்தன. மும்பையின் வானிலையை அறிந்தவர்க்கு இம்மூன்றரை மணி நேரத்தின் விலை தெரியும். காலையில் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பும். காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை உலராது. வியர்வை உலராவிடின் உடற்சூடு தணியாது. பையன் தொடக்கம் முதலே தனியனாக முன்னே ஓடினான். முதலாவதாகவும் வந்தான். நேரம் 4 நிமிடம் 26 விநாடி. மறுநாள் தந்தை எங்களுக்கெல்லாம் இரண்டு இட்லி கூடுதலாக வைத்தார். மகனோ முகம் கொடுத்துப் பேசவில்லை. முதற் பரிசு பெற்ற பிள்ளைக்கு இத்தனை வாட்டம் ஏன் என்று நாம் வியந்தோம்.

காரணத்தைச் செம்பூர்ப் பையன்தான் விளக்கினான். வெல்வது வேறு, விரைவது வேறு என்றான். இது எளிதாகத் தோன்றினும், விளையாட்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்த பிறகே நமக்கு முழுதும் விளங்கிற்று.

2017ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில், புதுக்கோட்டை வட்டாரத்து லட்சுமணன் 5000 மீட்டர், 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 5000 மீட்டரில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 14 நிமிடம் 54 விநாடி. பதினான்கு நிமிடத்திற்குள் ஓட வல்லவர் அவர். ஆயினும் பதக்கப் போட்டியில் ஒருவரையொருவர் கண்காணித்தபடி மெல்லச் சென்று, இறுதியில் பாய்வதே முறை. ஜூலை மாதப் புழுக்கத்தில் அதுவே அறிவுடைமையும் ஆகும். மறு ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டியில் அவரே 10000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், தடத்தின் உள் எல்லையைத் தாண்டிக் கால் வைத்தார் என்று பதக்கம் மறுக்கப்பட்டது. பதக்கப் பந்தயம் அத்தகையது.

விரைந்த நேரங்களோ பெரும்பாலும் சிறு போட்டிகளில்தான் பிறக்கின்றன. 1954 மே 6ஆம் நாள், ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி ரோடு திடலில், பல்கலைக்கழகத்திற்கும் ஒரு தடகளச் சங்கத்திற்கும் நடந்த சாதாரணப் போட்டியில்தான் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். அவரைப் பற்றி உலகமே பேசிற்று. அவருக்கு முன்னே காற்றைக் கிழித்துக்கொண்டு முதலில் பிராஷரும் பிறகு சாட்டவேயும் ஓடிக்கொடுத்ததை எத்தனை பேர் நினைவில் வைத்தனர்? ஆறு வாரம் கழித்து ஆஸ்திரேலியரான ஜான் லாண்டி பின்லாந்தில் அச்சாதனையை முறியடித்தபோது, அவரைத் துரத்திக்கொண்டு பின்னால் வந்தவரும் இதே சாட்டவேதான். தம் நாட்டில் ஏறக்குறையத் தனியனாகவே ஓடியமையால் லாண்டி பலமுறை நாலு நிமிடத்தின் வாயிலோடு நின்றுவிட்டிருந்தார்.

இவ்வாறு முன்னே ஓடிக் கொடுப்பவரைப் பேஸ்மேக்கர் என்பர். மொழிபெயர்ப்பே நம் தொழிலாதலால் இதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடினோம். நெடுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை. முன்னோடி என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே! மேடைகளில் தலைவர்களுக்கு வழங்கி வழங்கித் தேய்ந்துபோன அச்சொல்லுக்கு இங்கே கால்கள் முளைத்துவிடுகின்றன.

நம் நாட்டுச் செய்தியையும் சொல்ல வேண்டும். 5000 மீட்டரில் பகதூர் பிரசாத் 1992இல் பர்மிங்ஹாமில் நிறுவிய தேசியச் சாதனை முப்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2022இல் அதை முறியடித்தவர் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்து அவிநாஷ் சாப்ளே. இடம், கலிபோர்னியாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தடம். நேரம், 13 நிமிடம் 25.65 விநாடி. அப்பந்தயத்தில் அவர் வந்தது பன்னிரண்டாவதாக! அதே தடத்தில் 2025இல் குல்வீர் சிங் 10000 மீட்டரை 27 நிமிடம் 0.22 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார், அவர் ஆறாவது. பன்னிரண்டாவதாக வந்த சாப்ளேயிடம் நம் வாயிற்படிக் கேள்வியைக் கேட்டால் என்ன விடை சொல்லியிருப்பார்?

இனி, டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அதே பூங்கா. இம்முறை ஓட்டம் ஏழரை மணிக்கே தொடங்கிற்று. நல்லவேளையாக விருந்தினர் எவரும் அழைக்கப்படவில்லை. வயது வரம்பற்ற பந்தயம் அது. தாராவிப் பையனைவிட மூத்தவர்கள் சிலரும் நின்றனர். செம்பூர்ப் பையனுக்கு உரியது 3000 மீட்டர். எனினும் நண்பனுக்கு முன்னோடியாக இருப்பதற்கென்றே 1500 மீட்டருக்குப் பெயர் கொடுத்திருந்தான்.

கணக்கு இதுதான்: ஒரு சுற்றுக்கு 68 விநாடி. முதல் 300 மீட்டர் 51 விநாடியில் முடிய வேண்டும். பின்பு 700 மீட்டரில் 1 நிமிடம் 59. 1100 மீட்டரில் 3 நிமிடம் 7. ஸ்டாப்வாட்சை நம் கையில் கொடுத்து, கடக்கும்போதெல்லாம் உரக்கக் கூவும்படி சொன்னார்கள். முதலில் 51 என்று கூவினோம். இரண்டாம் முறை சரியாக 1:59. அலுவலகத்தில் குரலுயர்த்தியறியாத நாம் அன்று மராத்தியர், குஜராத்தியர் அனைவரும் திரும்பிப் பார்க்கத் தமிழில் கூவினோம். மூன்றாம் முறை 3:08. ஒரு விநாடி பிந்திவிட்டது. அவ்விடத்தில் செம்பூர்ப் பையன் வெளிப்புறமாக விலகி, முழங்காலில் கையூன்றிக் குனிந்துவிட்டான். எஞ்சிய ஒரு சுற்றும் தாராவிப் பையனுடையது. முன்னே சென்ற மூத்தவர் மூவரை அவன் பிடிக்கவில்லை. ஆனால் அவர்களை விட்டுவிடவும் இல்லை.

நம் கடிகாரம் 4 நிமிடம் 14.62 விநாடி காட்டிற்று. கையால் எடுக்கும் நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு உயர்த்தி எழுதுவதே விதி, ஆகவே 4:14.7 ஆகும். நடுவரின் ஏட்டிலும் அதுவே பதிந்தது. பையன் தரையில் மல்லாந்து கிடந்தபடியே சிரித்தான்.

அன்று மாலை தாராவிக்கு நாமே சென்றோம். தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய சந்தில், மறுநாளைக்கு மாவு அரைபட்டுக்கொண்டிருந்தது. தந்தை கேட்டார்:

"எத்தனாவதா வந்தான் சார்?"

"நாலாவது."

"நாலாவதுக்கா இம்புட்டுச் சிரிப்பு?"

ஒரு மாதத்திற்கு முன்பு நாமும் அவ்வாறே கேட்டிருப்போம். ஆதலால் அவசரப்படாமல், கலிபோர்னியாவில் பன்னிரண்டாவதாக வந்த பீட் மாவட்டத்துக்காரரின் கதையைச் சொன்னோம். நவம்பரில் ஒற்றையாய் ஓடியதையும், இன்று முன்னே ஒருவன் ஓடிக் கொடுத்ததையும் சொன்னோம். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "அந்த செம்பூர்ப் பையனுக்கு என்ன கெடச்சுது?" என்று கேட்டார்.

ஒன்றும் கிடைக்கவில்லை, பந்தயத்தை முடிக்காதவன் என்று ஏட்டில் எழுதப்பட்டது. அடுத்த ஞாயிறன்று அவனுக்கு 3000 மீட்டர். அவன் மனத்தில் இருக்கும் எண் 9 நிமிடம் 15 விநாடி. அதாவது சுற்றுக்கு 74. ஏழரைச் சுற்றில் ஐந்து சுற்றுக்குத் தாராவிப் பையன் முன்னோடியாகச் செல்வதென்று பேச்சு.

அந்த ஞாயிறன்று இட்லி வழக்கத்தினும் முன்னதாகவே வந்துவிட்டது. மிதிவண்டியை நம் குடியிருப்பிலேயே பூட்டி வைத்துவிட்டு, அவரும் நம்முடன் பேருந்தில் ஏறினார். வழியில் நம் கையிலிருந்த கடிகாரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், எழுவத்தி நாலுன்னா இதுல எப்படிக் காட்டும்?"

"ஒரு நிமிடம் பதினான்கு என்று காட்டும்."

"நானே கத்துறேன் சார். எங்கொரல் கடலுக்கு அந்தாண்ட வரைக்கும் கேக்கும்."