விடுதிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் அனுப்பும் பெற்றோருக்கும்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்னும் சில மாதங்களில் உங்களுள் பலர் கல்லூரி விடுதிக்குச் செல்லவிருக்கிறீர்கள். அங்கே முதலாண்டில் எதிர்பார்க்க வேண்டியவை எவை என்று பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். முதுகலைத் தமிழ் பயின்ற காலத்தில் இரண்டாண்டுகள் நானும் விடுதியில் வாழ்ந்தவள். பின்னர் ஒரு மகனை விடுதிக்கு அனுப்பியவள். முன்னதைவிடப் பின்னதே எனக்கு மிகுதியாகக் கற்பித்தது. ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்வதை முதலிலும், பெற்றோருக்குச் சொல்வதைப் பின்னரும் சொல்கிறேன்.

விடுதி வாழ்க்கை நம் மரபுக்குப் புதிதன்று. ‘பள்ளி’ என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். உறங்கும் இடமும் பள்ளி. சமண முனிவர் உறைந்த இடமும் பள்ளி. கல்வி கற்கும் இடமும் பள்ளி. சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளை உங்களுள் சிலர் நேரில் கண்டிருப்பீர்கள். கழுகுமலைக் கல்வெட்டுகளில் ஆசிரியர் பெயரோடு மாணாக்கர் பெயரும் காணப்படுகிறது. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் காணப்படுகின்றன. வீட்டைப் பிரிந்து ஓரிடத்தில் தங்கிக் கற்பது நம் முன்னோர் அறிந்த செயலே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று அங்கே தங்கியவர்கள் ஒரே நெறியினர். இன்றைய விடுதியிலோ ஓர் அறையில் நால்வர் இருந்தால், நால்வரும் நான்கு வகையான வீடுகளிலிருந்து வந்தவர்கள்.

முதல் மூன்று வாரங்கள் கடினமாகவே இருக்கும். இதனை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். இரவில் உறக்கம் வராது. குளியலறைக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். வீட்டில் தானாகவே மடித்து வைக்கப்பட்டிருந்த துணி, இங்கே நீங்கள் துவைக்கும்வரை வாளியிலேயே கிடக்கும். ஒருவர் விளக்கை அணைக்க விரும்புவார்; மற்றவர் படிக்க விரும்புவார். ஒருவருக்கு மின்விசிறி வேகமாகச் சுழல வேண்டும், மற்றவருக்குக் குளிரும். இத்தகைய சிறு பூசல்களே முதலாண்டில் பெரும் பகையாக வளர்கின்றன. முதல் வாரத்திலேயே நால்வரும் அமர்ந்து, விளக்கு அணைக்கும் நேரம், கைப்பேசியை உரக்கப் பேசாத நேரம், அறையைப் பெருக்கும் முறை ஆகியவற்றைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அநேகாந்தம் என்று நாம் நூலில் படிப்பதை முதன்முதலில் பயன்படுத்த வேண்டிய இடம் அந்த அறைதான்.

‘எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், நான் மட்டும் அழுகிறேன்’ என்று உங்களுக்குத் தோன்றும். அது உண்மையன்று. நான் சேர்ந்த விடுதியில் முதல் வாரத்தில் என் அறைத்தோழி எப்போதும் பாடிக்கொண்டே இருந்தாள். எத்துணை மகிழ்ச்சியானவள் என்று பொறாமைப்பட்டேன். அழுகை வந்துவிடக் கூடாது என்பதற்காகவே பாடியதாக ஓராண்டு கழித்து அவளே சொன்னாள்.

பகடிவதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1997 முதல் அதனைத் தடை செய்யும் தனிச்சட்டம் நடைமுறையில் உள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், முதலாண்டு மாணவரை இயன்றவரை தனிக் கட்டடத்தில் தங்க வைக்க வேண்டும் என்கின்றன. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் அளிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அந்தப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். மூத்தவர் பெயரைக் கேட்பதும் ஊரைக் கேட்பதும் அறிமுகம். உங்களைச் சிறுமைப்படுத்துவதும் அஞ்ச வைப்பதும் குற்றம். உங்கள் உணவு நெறியைக் கேலி செய்து, உண்ணாததை உண்ணுமாறு வற்புறுத்துவதும் அவ்வகையைச் சேர்ந்ததே. 1800-180-5522 என்னும் கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் முறையிடலாம். மனம் மிகவும் சோர்ந்தால் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். இவ்விரு எண்களையும் இன்றே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

இனி, நம் குடும்பங்களில் அனைவரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். அது உணவு.

நம் வீடுகள் அனைத்தும் ஒரே அளவில் நெறியைக் கடைப்பிடிப்பதில்லை. சிலர் கிழங்கு வகைகளை அறவே உண்பதில்லை. சிலர் நோன்பு நாள்களில் மட்டும் விலக்குகின்றனர். சிலர் பொழுது சாய்ந்த பின் நீரும் அருந்துவதில்லை. எவ்வகையினராயினும் விடுதி உணவுக்கூடத்தில் மூன்று இடர்கள் உங்களை எதிர்கொள்ளும். வெங்காயமும் பூண்டும் உருளைக்கிழங்கும் இல்லாத சாம்பாரோ பொரியலோ அரிது. முட்டை சமைத்த கல்லிலேயே தோசையும் வார்க்கப்படலாம். இரவு உணவு பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்தான் தொடங்கும். சென்னையில் சூரியன் மறையும் நேரம் ஜூலையில் ஏறத்தாழ 6.40, நவம்பர் இறுதியிலோ ஏறத்தாழ 5.40.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் என் மகன் பொறியியல் கல்லூரி விடுதியில் சேர்ந்தான். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவோம். நான் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்றே: “பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு விடுகிறாயா?” அவனும் தவறாமல், “சாப்பிட்டு விடுகிறேன் அம்மா” என்பான். எனக்குப் பெருமை தாங்காது. ஜினாலயத்துக்கு வரும் உறவினரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தேன்.

தீபாவளி விடுமுறைக்கு வந்தான். துவைப்பதற்காக அவனுடைய கால்சட்டையை எடுத்தேன். அதிலிருந்த இடைவாரில் புதிதாக இரண்டு துளைகள் இருந்தன. ஆணியால் அவனே போட்டுக்கொண்டவை. மெலிந்த இடுப்புக்குப் பழைய துளைகள் போதவில்லை. அருகில் அமர்த்திக் கேட்டேன். உணவுக்கூடம் ஏழரை மணிக்குத் திறக்கும். அதனால் மூன்று மாதங்களாக அவன் இரவு உணவே உண்ணவில்லை. மாலை ஐந்து மணிக்குத் தரும் தேநீரும் பிஸ்கட்டுமே அவனுடைய இரவு உணவு.

“என்னிடம் பொய் சொன்னாயா?” என்றேன்.

“பொய் சொல்லவில்லை அம்மா. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டீர்கள். என்ன சாப்பிட்டாய் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை.”

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கேள்வி கேட்டே வாழ்ந்த எனக்கு, என் மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி தெரியவில்லை. என் கேள்வி அவனுடைய பசியைப் பற்றியதன்று; என்னுடைய பெருமையைப் பற்றியது. அதனை அவன் அறிந்திருந்தான். அப்பெருமையைக் குலைக்க மனமின்றிப் பசியோடு இருந்தான்.

விடுமுறை முடிந்ததும் என் கணவர் உடன் சென்று விடுதிக் காப்பாளரைச் சந்தித்தார். “இதை முதல் வாரத்திலேயே கேட்டிருக்கலாமே!” என்றார் அவர். மாலை ஐந்து மணிக்கே சமையற்கூடத்தில் சப்பாத்தி போடத் தொடங்கிவிடுவார்களாம். ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும், டப்பாவில் முன்னதாகவே வாங்கிக்கொள்ள ஒப்புதல் கிடைத்தது. மூன்று மாதப் பசி ஒரு தாளில் தீர்ந்தது.

ஆகவே மாணவர்களே, கேட்பதற்கு நாணாதீர்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே காப்பாளரிடமும் உணவுக்கூட மேலாளரிடமும் உங்கள் தேவையை எழுத்தில் கொடுங்கள். சமையற்காரரைப் பெயர் அறிந்து, மரியாதையோடு பேசிப் பழகுங்கள். விடுதி உணவுக்குழுவில் மாணவர்க்கு இடமிருந்தால் அதில் சேருங்கள். அவல், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, சத்துமாவு, பழம் ஆகியவற்றை அறையில் வைத்திருங்கள். மின்னடுப்பை மறைத்து வைத்துச் சமைக்காதீர்கள். பெரும்பாலான விடுதிகளில் அதற்குத் தடை உண்டு, தீ விபத்துக்கும் இடமாகும். மாதக் கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது, ஊருக்குச் செல்லும் நாள்களுக்குக் கழிவு உண்டா, அதற்கு எத்தனை நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பனவற்றையும் கேட்டறியுங்கள்.

மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, நம் சமூகத்துப் பெண், விடுதியில் தோழியின் பிறந்தநாளில் கேக் உண்டாள். அதில் முட்டை இருந்ததைப் பின்னரே அறிந்தாள். வீட்டில் பாட்டி மிகுந்த நோன்பினர். பாட்டியின் முகத்தில் எவ்வாறு விழிப்பது என்று அஞ்சி, தேர்வு இருப்பதாகச் சொல்லி அந்த ஆண்டுப் பொங்கலுக்கு வீட்டுக்கே வரவில்லை. கோடை விடுமுறையில் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். பாட்டி அவள் தலையைத் தடவி, “இதற்காகவா அம்மா பொங்கலுக்கு வராமல் இருந்தாய்? உன் பங்குப் பொங்கலை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நான் விழித்தேனே” என்றாராம்.

என் மகன் நெறியைக் காத்துப் பசித்திருந்தான். அந்தப் பெண் நெறி தவறியதாக எண்ணி வீட்டையே விலக்கினாள். இருவருடைய துன்பத்துக்கும் காரணம் ஒன்றே. வீட்டில் உள்ளதை உள்ளவாறு சொல்ல முடியும் என்று இருவரும் நம்பவில்லை.

அன்புடைய பெற்றோர்களே, துறவியர்க்கு மகாவிரதம், இல்லறத்தார்க்கு அணுவிரதம் என்று நம் நெறியே படிநிலை வகுத்துத் தந்திருக்கிறது. ஆற்றலுக்கேற்ப மேற்கொள்வதே விரதம். தவறு நேர்ந்தால் அதனை எண்ணிப் பார்த்து, ஒப்புக்கொண்டு, மீண்டும் நெறியில் நிற்பதற்குப் பிரதிக்கிரமணம் உண்டு. தசலட்சண தருமங்களுள் பொறுமைக்கும் பணிவுக்கும் அடுத்து ஆர்ஜவம், அதாவது உள்ளும் புறமும் ஒன்றாயிருக்கும் நேர்மை, வைக்கப்பட்டிருக்கிறது. தட்டில் உள்ளதைக் காப்பதற்காக நாவில் உள்ள உண்மையை இழக்குமாறு பிள்ளைகளை நாம் நெருக்கலாமா?

இதனால், நெறியைத் தளர்த்திவிடுங்கள் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டா. புறப்படும் முன் பிள்ளையோடு அமர்ந்து பேசுங்கள். எதனை ஒருபோதும் விடமாட்டாய், எதனை இயன்றபோது காப்பாய் என்று கேளுங்கள். அவர்களே முடிவு செய்யட்டும். தாமே மேற்கொண்ட விரதம்தான் நம் கண் எட்டாத இடத்திலும் நிற்கும். தொலைபேசியில் முதலில் உடல்நலத்தைக் கேளுங்கள். “இன்று என்ன சாப்பிட்டாய்?” என்று கேளுங்கள். கசப்பான விடை வந்தாலும் உடனே அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். முதற்பருவத் தேர்வில் ஒரு தாளில் தோல்வி நேரலாம். பள்ளியில் முதலிடம் பெற்றவர்க்கும் அது நேர்ந்திருக்கிறது. அச்செய்தியையும் உங்களிடமே முதலில் சொல்லும் துணிவை அவர்களுக்குக் கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே, விடுதிக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்றைக் கல்லூரியே உங்களுக்குத் தரும். வாளி, பூட்டு, போர்வை, விளக்கு எல்லாம் அதில் இருக்கும். அதில் இல்லாத ஒன்றை இன்று உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பெறுங்கள்: ‘எது நடந்தாலும் எங்களிடம் சொல்’ என்னும் வாக்கு. என் மகன் புறப்பட்ட நாளில் நான் அதனைக் கொடுக்கவில்லை. அந்த இடைவார் இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. அவனுடைய மகள் விடுதிக்குச் செல்லும் நாளில், அவளுடைய தந்தையின் கையில் அதனைக் கொடுப்பதற்காக வைத்திருக்கிறேன்.