சட்டம் நாற்காலி போடும். உட்கார விடுவது யார்?



‘ஊர் தன்னைத்தானே ஆளப் பெரிதும் தேவை சட்டமா, மனக்கட்டுப்பாடா?’ இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் சட்டம் சட்டம்னு மூச்சுவிடாம பேசினார். 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது, தமிழ்நாட்டில் 1994-இல் ஊராட்சிச் சட்டம் வந்தது, எல்லாம் சரியாச் சொன்னார். ஐயா, வந்த பிறகு என்ன நடந்தது? அதைச் சொல்லாம உட்கார்ந்துட்டாரே! (சிரிப்பு)

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். மூன்றிலும் தலைவர் பதவி ஆதிதிராவிட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1996 முதல் 2006 வரை, பத்து வருஷம், அங்கே ஒரு தலைவர் நிலைக்க முடியலை. மனுப் போட ஆள் இருக்காது. ஜெயிச்சாலும் உடனே ராஜினாமா. அதே மாவட்டத்து மேலவளவில், ஜெயித்துத் தலைவரான முருகேசனை 1997-இல் வெட்டிக் கொன்றார்கள். சட்டம் இல்லையா? இருந்தது. அதிகாரி வந்தார், போலீஸ் வந்தது, ஓட்டுப் பெட்டியும் வந்தது. வராதது ஒண்ணே ஒண்ணு: அடுத்த தெருக்காரனும் தலைவரா இருக்கலாம் என்கிற மனசு! (கைதட்டல்)

உத்திரமேரூர்க் கல்வெட்டைத் தன் பக்கம் இழுத்தார் எதிரணி நண்பர். பராந்தக சோழன் காலம், கி.பி. 921. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. வாரியத்தில் இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. அவன் மட்டுமில்லை, நெருங்கிய சொந்தக்காரன் பெயரும் போகாது! இன்னைக்கு அந்த விதியைக் கொண்டு வந்தா, குடம் காலியாத்தான் இருக்கும். (சிரிப்பு) அது நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர் சபை; பெண்களுக்கு இடமில்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டாம். ஆனா, கணக்குக் கேட்கிற பழக்கத்தை எடுத்துக்கலாமே!

நமக்கும் இடம் இருக்கு: கிராம சபை. வருஷத்துக்கு நாலு தடவை கூடினது, 2022 முதல் ஆறு தடவை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் எழுந்து கேட்கலாம். நாம என்ன செய்றோம்? நோட்டுல ஒரு கையெழுத்து. அடுத்த நிமிஷம் டீக்கடை. அங்கே உட்கார்ந்து, ‘ஊராட்சி சரியில்லைப்பா’! (சிரிப்பு)

காந்தியடிகள் 1909-இல் கப்பலில் வரும்போது ‘ஹிந்த் சுவராஜ்’ எழுதினார். வெள்ளைக்காரன் போனால் மட்டும் போதும் என்று அவர் சொல்லலை. நம்மை நாமே ஆளக் கற்பதுதான் சுயராஜ்யம் என்றார். தன் கோபத்தை, தன் சாதித் திமிரை அடக்கத் தெரியாதவன் கையில் தன்னாட்சி கிடைச்சா, அது பக்கத்து வீட்டுக்காரனுக்கு அடிமைத்தனம்!

அந்த மூன்று ஊரிலும் 2006-இல் தலைவர்கள் பதவி ஏற்றார்கள். புதுச் சட்டமா வந்தது? அதே பழைய சட்டம்தான். ஊர் மக்களோட பேசிப் பேசி மனசு அசைஞ்சது, தேர்தல் நடந்தது.

சட்டம் வேண்டாம்னு சொல்லலை, நடுவர் அவர்களே. சட்டம் நாற்காலி போடும். அதில் இன்னொருத்தர் உட்கார வழிவிடறது மனசு. அந்த மனசின் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள். (கைதட்டல்)