கம்பியின் தடிப்பும் சில்லின் வலிமையும்



எனக்கு அறிமுகமான மரக்கறி வியாபாரி ஒருவர் நாள்தோறும் விடியற்காலையில் துவிச்சக்கர வண்டியிற் பாரமேற்றிக்கொண்டு சந்தைக்குச் செல்பவர். அவருடைய வண்டியின் பின்சில்லிற் கம்பிகள் அடிக்கடி அறுந்தன. ஒரு கம்பி அறுந்தாற் சில்லு கோணும். கோணிய சில்லு சட்டத்தில் உராயும். அன்றைய வியாபாரம் பாதியாகிவிடும். மனம் சலித்த அவர், கடையில் உள்ளவற்றுள் மிகத் தடித்த கம்பிகளை வாங்கிப் பூட்டுவித்தார். சில மாதங்களில் அவையும் அறுந்தன. தடித்த கம்பி ஏன் கைவிட்டது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

மாட்டுவண்டிச் சில்லை எண்ணிப் பாருங்கள். அங்கே பாரம் குடத்தின் வழியாகக் கீழேயுள்ள ஆரக்காலின்மேல் இறங்குகின்றது. ஆரக்கால் தூணைப்போல் நின்று சுமக்கின்றது. தூண் பருத்தால் வலிமை மிகும். இந்த எண்ணத்தையே நாம் துவிச்சக்கர வண்டிக்கும் பொருத்திவிடுகின்றோம். ஆனால் இதன் கம்பியோ இரு விரல்களால் வளையக்கூடியது. அது எவ்வாறு தூணாக நிற்கும்?

1869ஆம் ஆண்டிற் பாரிசில் ஒயிஜேன் மேயர் என்பவர், இழுத்துக் கட்டிய கம்பிகளாலான சில்லுக்குக் காப்புரிமை பெற்றார். 1874இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரத்து ஜேம்ஸ் ஸ்ராலி, கம்பிகளைக் குடத்தின் ஓரமாகச் சாய்த்துக் கோக்கும் முறையை உரிமைப்படுத்தினார். இன்று நாம் காணும் சில்லு இவ்வழி வந்ததே. இதில் ஒவ்வொரு கம்பியும், வண்டியில் எவரும் ஏறுவதற்கு முன்னரே, ஏறக்குறைய நூறு கிலோகிராம் பாரம் தொங்கினாற்போல இழுபட்டு நிற்கின்றது. பாரம் ஏறியதும் நிலத்தை நோக்கியுள்ள சில கம்பிகளின் இழுவிசை சற்றுக் குறைகின்றது. ஏனையவற்றில் மாற்றம் மிகச் சிறிது. சில்லு உருள உருள, ஒவ்வொரு கம்பியும் தன் முறை வரும்போது தளர்ந்து மீண்டும் இறுகுகின்றது.

இருபத்தெட்டு அங்குலச் சில்லு ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 450 தடவை சுழலும். சந்தை பத்துக் கிலோமீற்றர் தொலைவில் இருந்தால், ஒருவழிப் பயணத்தில் மாத்திரம் ஒவ்வொரு கம்பியும் 4,500 தடவை தளர்ந்து இறுகும். ஆகவே கம்பி பெரும்பாலும் ஒருநாட் பாரத்தால் அறுவதில்லை. ஓயாத தளர்ச்சியாலும் இறுக்கத்தாலும் உலோகம் களைத்தே அறுகின்றது. குடத்தருகே வளைந்துள்ள முழங்கையும், நிப்பிள் ஏறும் புரியுமே அது வழக்கமாக அறும் இடங்கள்.

இனித் தடிப்புக்கு வருவோம். உருக்குக் கம்பியும் இழுத்தால் நீளும். முப்பது சதமமீற்றர் நீளமும் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள கம்பி, நூறு கிலோகிராம் இழுவிசையில் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் நீளும். முனைகள் இரண்டும் 2 மில்லிமீற்றராகவும் நடுப்பகுதி 1.5 மில்லிமீற்றராகவும் மெலிந்த கம்பியோ முக்கால் மில்லிமீற்றருக்கு மேலும் நீளும். வண்டி குழியில் விழுந்து, ரிம் அரை மில்லிமீற்றர் உள்ளே அமுங்குகின்றது என்று கொள்வோம். தடித்த கம்பி முற்றாகத் தளர்ந்துவிடும். மெலிந்த கம்பியில் இழுவிசை இன்னும் எஞ்சியிருக்கும். அயற் கம்பிகளும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். முற்றாகத் தளர்ந்த கம்பியின் நிப்பிள் மெல்லக் கழலும். முழங்கை குடத்துத் துளையில் அசையும். கேடு அங்கே தொடங்குகின்றது.

அப்படியாயின் தடித்த கம்பியை இன்னும் இறுக்கலாமே என்று கேட்பீர்கள். இறுக்கத்துக்கு எல்லை வகுப்பது ரிம். மிஞ்சி இறுக்கினால் அதன் துளையோரம் வெடிக்கும். அல்லது சில்லே முறுகிவிடும்.

ஆகவே தெரிவு இவ்வாறு அமையட்டும். சாதாரண ஓட்டத்துக்கு 2 மில்லிமீற்றர் நேர்க்கம்பி போதும். கிடைக்குமாயின், முனைகள் 2 மில்லிமீற்றரும் நடு 1.8 மில்லிமீற்றருமான கம்பி அதனினும் நன்று. பெரும்பாரம் சுமப்போருக்கு முழங்கையில் 2.3, நடுவில் 1.8, புரியில் 2 மில்லிமீற்றர் என அமைந்த கம்பியும் உண்டு. களைப்புறும் இடத்திலே தடிப்பு, நீளவேண்டிய இடத்திலே மெலிவு என்பதே அதன் நுட்பம். நடு 1.5 மில்லிமீற்றரான கம்பி நிப்பிளைத் திருகும்போது தானும் முறுகும். அதனைக் கட்டுவதற்குத் தேர்ந்த கை வேண்டும். தடிப்பைக் கூட்டுவதிலும் எண்ணிக்கையைக் கூட்டுவது சிறந்தது. பழைய ஆங்கில வண்டிகளில் முன்சில்லுக்கு 32 கம்பியும், கூடிய பாரம் தாங்கும் பின்சில்லுக்கு 40 கம்பியும் வைத்தது இக்காரணத்தாலேயே.

எக்கம்பியாயினும் கட்டும் முறை செம்மையாக இருத்தல் வேண்டும். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் மீட்டிப் பாருங்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலித்தால் இழுவிசை சமமாக உள்ளது. பின்னர் அடுத்தடுத்த கம்பிகளைச் சோடி சோடியாகக் கையால் இறுகப் பிடித்து அமுக்குங்கள்; முழங்கைகள் குடத்திற் படிந்து அமரும்.

அந்த வியாபாரியின் சில்லை முதிய திருத்துநர் ஒருவர் இவ்வாறே அவிழ்த்து மீளக் கட்டினார். பூட்டியது 2 மில்லிமீற்றர்க் கம்பிகளையே. அதன்பின் அவர் வழியில் நின்றதாக நான் கேள்விப்படவில்லை.

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எரிபொருள் அரிதாகிய காலத்தில், விறகும் நெல்லும் நோயாளரும் இச்சில்லின் மீதே சென்றதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோதும் பலர் இதனையே நாடினர். நம் பாரத்தைச் சுமக்கும் கம்பிக்குப் பருமனைவிடப் பொறுமையும் ஒற்றுமையுமே வேண்டும்.