மணல்மேட்டைக் காக்கும் அடும்பு
(கடலோர உழவர்களுக்கு ஆற்றிய உரை)



கடற்கரை மணலில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து பூத்துப் படர்ந்திருக்கும் அடும்பைத் தாங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். காலையில் விரியும் இதன் பூ பிற்பகலுக்குள் வாடிவிடும். இலை நடுவே பிளந்து ஆட்டுக் குளம்பு போலிருக்கும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொன்ன பூக்களுள் இதுவும் ஒன்று. சர்க்கரைவள்ளி இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் வள்ளியைப் போல் கிழங்கு தருவதில்லை என்பதால் இதை நாம் பொருட்படுத்துவதில்லை. அது தவறு. நம் கிணற்று நீரைக் காப்பதில் இக்கொடிக்குப் பெரும் பங்குண்டு.

மேடு உருவாகும் விதம்

அடும்பு படரும்போது கணுவுக்குக் கணு வேர் விடும். காற்றில் வரும் மணல் அதன் இலையிலும் தண்டிலும் தடுக்கி விழும். மணல் மூடினாலும் கொடி மேலேறி வளரும். இராவணன் மீசைப் புல்லும் துணை நிற்கும். இவ்வாறே மேடு உயர்கிறது. கொடியை அழித்தால் அந்த மணல் காற்றோடு வயலுக்கு வந்து சேரும்.

மேட்டினால் நன்மை

மழைநீர் மேட்டில் இறங்கி, நிலத்தடி உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். மேட்டை வெட்டினால் இந்த இருப்புக் குறையும். உப்புநீர் மேலேறிக் கிணறு கரிக்கும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகை மாவட்ட வயல்கள் உப்பேறியதை நாம் மறக்க முடியாது. அன்று இலங்கையின் யாலா கரையில், கடல் தெரிவதற்காக முன்புற மணல்மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்த விடுதி முற்றிலும் அழிந்தது.

2011, 2019 ஆண்டுகளின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் மணல்மேடுகளைக் கட்டாயம் காக்க வேண்டிய இடங்களுள் சேர்த்துள்ளன. அடும்பு படர்ந்த மணல்மேடும் அவ்வாறு காக்க வேண்டிய இடமே.

நடும் முறை

மேடு வெறுமையாக இருந்தால், ஐப்பசி மழை தொடங்கியதும் முற்றிய கொடியை ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டுங்கள். இரண்டு மூன்று கணுக்கள் ஈர மணலில் புதையுமாறு, மூன்றடி இடைவெளியில் நடுங்கள். அலை ஏறும் எல்லைக்கு மேலேயே நட வேண்டும். விதையானால் தோல் கடினமானது. உப்புத்தாளில் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றுங்கள்.

வேர் பிடிக்கும்வரை ஆடு மாடுகளை அங்கே விடாதீர்கள். கடலுக்குச் செல்ல ஊருக்கு ஒரே பாதை போதும். அதையும் நேராக வெட்டாமல் சாய்வாக அமையுங்கள். அடும்புக்கு நல்ல வெயில் வேண்டும். ஆகவே சவுக்கை மேட்டுக்குப் பின்னால், நிலப்பக்கத்தில் மட்டும் நடுங்கள்.

வயலுக்கு வேலி போடுகிறோம். கடலுக்கும் வயலுக்கும் நடுவே இயற்கை போட்ட வேலி இது. செலவில்லாத இந்த வேலியைப் பிடுங்காமல் காப்போம்.