பட்டை உரித்தவர்களே காவலர்கள்

தேக்கடிக் காட்டில் மரங்களை உரித்துக் காட்டு லவங்கப்பட்டை கடத்திய ஒரு கூட்டம் இருந்தது. வழக்கும் தலைமறைவுமாகவே அவர்கள் பிழைப்பு ஓடியது. 1990களின் பிற்பகுதியில் பெரியாறு புலிகள் காப்பகம் அவர்களையே அழைத்துக் காவலுக்கு வைத்தது. துணிச்சலான முடிவுதான்! யானை எந்தத் தடத்தில் இறங்கும், திருட வந்தவன் எங்கே பதுங்குவான் என்பதெல்லாம் அவர்களுக்குத்தானே அத்துப்படி? இன்று பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போவது அவர்கள்தான். கூடாரமடித்துத் தங்கும் இரவுகளில் காவலும் அவர்களே. பயணிகள் தரும் கட்டணத்தில் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. குமுளிப் பக்கத்துப் பெண்களோ, 'வசந்தசேனா' என்ற பெயரில் 2002 முதல் கூலியே வாங்காமல் முறைவைத்து ரோந்து போகிறார்கள். இவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. தேக்கடி போனால் படகுச் சவாரியோடு திரும்பிவிடாதீர்கள். அந்த வழிகாட்டிகளோடு ஒரு நாள் காட்டுக்குள் நடந்துவிட்டு வாருங்கள்.