எந்த முனிவர் தந்தார் என்பதல்ல கேள்வி

(மாணவர் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சண்டைக் கலை என்று பேச்செடுத்தாலே நம் ஊரில் முதலில் வரும் பெயர் போதிதர்மர். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் சீனா போனார், ஷாவ்லின் துறவிகளுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார், எனவே குங்ஃபூ தமிழன் தந்தது என்கிறோம். 2011இல் 'ஏழாம் அறிவு' வந்த பிறகு இதைக் கேள்வி கேட்பவரே குறைவு.

ஆனால் அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகளில் சண்டையே கிடையாது. அவற்றில் அவர் தியானம் சொல்லித்தரும் துறவி. ஒரு குறிப்பு அவரைப் பாரசீகர் என்கிறது, இன்னொன்று தென்னிந்தியர் என்கிறது. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் 'யிஜின் ஜிங்' என்ற நூல் 1624இல் எழுதப்பட்டது. இடையில் ஆயிரம் ஆண்டு இடைவெளி. இது கட்டுக்கதை என்று 1930களிலேயே சீன ஆய்வாளர் தாங் ஹாவோ எழுதிவிட்டார்.

அப்படியானால் துறவிகள் எதற்காகச் சண்டை கற்றார்கள்? மடத்துக்குப் பண்ணை நிலம் இருந்தது. கொள்ளையர்கள் வந்தார்கள். 621இல் ஆட்சிக்காக நடந்த போரில் தாங் அரசின் பக்கம் நின்று துறவிகள் சண்டையிட்டார்கள். நிலமும் அரசின் ஆதரவும் மடத்துக்கு உறுதியாயின. புனிதக் கதையைக் கொஞ்சம் விலக்கினால் அடியில் சொத்து தெரிகிறது.

இப்போது பக்கத்தில் உள்ள கேரளத்துக்கு வருவோம். வடக்கன் களரியைத் தந்தவர் பரசுராமர், தெக்கன் களரியைத் தந்தவர் அகத்தியர் என்பது வழக்கு. சரி, களத்தில் இறங்கியது யார்? வடக்கன் பாட்டுகளைக் கேளுங்கள். இரண்டு பிரபுக்களுக்குள் தகராறு வந்தால் ஆளுக்கொரு சேகவரை வைத்து அங்கம் வெட்டச் செய்தார்கள். அந்தச் சேகவர்கள் தீயர், ஈழவர். தகராறு ஒருவருடையது, சாவு இன்னொருவருடையது, கலையின் பெருமை மட்டும் முனிவருக்கு! சாதி உழைப்பை எப்படித் திருடுகிறது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டுமா?

இதே கேரளத்தில் வேறொரு காரணத்துக்காகவும் சண்டை கற்றார்கள். திருவிதாங்கூரில் அன்று புலையர்கள் பொதுச்சாலையில் நடக்க முடியவில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டமும் 1956 வரை அந்தப் பக்கம்தான். அங்கே அய்யன்காளி இளைஞர்களைத் திரட்டி அடிதடிப் பயிற்சி கொடுத்தார். 1893இல் வில்வண்டி வாங்கி, தடை செய்யப்பட்ட சாலையில் ஓட்டிப் போனார். தாக்க வந்தவர்களைத் திருப்பி அடித்தார்கள். நிலத்தைக் காக்க அவர்களிடம் நிலம் இல்லை. தெருவில் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

அய்யன்காளி கம்போடு நின்றுவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் கட்டினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயத் தொழிலாளர்களை நிறுத்தினார். சாலைக்குக் கம்பு துணை நின்றது. பள்ளிக்கூடக் கதவைத் தட்ட வேலைநிறுத்தம் தேவைப்பட்டது.

இதை இன்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு பக்கம், சிலம்பம் எங்கள் சாதியின் வீரம் என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். போதிதர்மர் கதைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. இரண்டுமே 'யாருடைய ரத்தம்' என்று கேட்கின்றன, 'யாருக்கு எதிராக' என்று கேட்பதில்லை. இன்னொரு பக்கம், தலித் பெண்மீது வன்கொடுமை நடந்தால் உடனே "பெண்கள் கராத்தே கற்க வேண்டும்" என்று அறிவுரை வருகிறது. கற்கட்டும், நல்லதுதான். ஆனால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய வேண்டிய காவல் நிலையத்தின் கடமையை அந்தப் பெண்ணின் முஷ்டிமேல் இறக்கி வைக்காதீர்கள்.

எனவே தோழர்களே, சண்டை கற்றுக்கொள்ளுங்கள். பயம் தெளியும், நிமிர்ந்து நடக்க வரும். கூடவே உங்கள் ஊர்ச் சிலம்பக் கூடத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சேரிப் பிள்ளை இங்கே சேர முடியுமா? அந்தப் பிள்ளையோடு ஜோடி போட்டு ஆட மற்றவர்கள் வருவார்களா? ஊர்த் திருவிழாவில், ஊர்த் தெருவில், அந்தப் பிள்ளை கம்பு சுற்ற முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு 'முடியாது' என்று பதில் வந்தால், நம் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.